பாடாமல் படிக்கவும்

பாட வல்ல ஓர் ஏழையின் வறுமை தீர வேண்டி, மன்னனுக்குத் தன் கையாலேயே ஓலை எழுதிக் கொடுத்த பெருமானே! இன்னோர் அடியவனின் வீட்டுப் பிணக்குத் தீர வேண்டித் தெருப்புழுதியில் தூது நடந்த திருவடியே! செங்கோட்டு மலையில் பாதி உமையாகி நிற்கும் அருளே! எழுதும் என் கையும் நினைக்கும் என் நெஞ்சும் பிறழாதிருக்கத் துணை நிற்பாயாக. உனக்கு முன்னே வணங்கப்பெறும் ஆனைமுகனையும் வணங்கினேன்.

இன்று விஜயதசமி, வியாழக்கிழமை, திருவோணம் கூடிய நன்னாள். தெருவெங்கும் சிறு பிள்ளைகள் நெல்லைப் பரப்பி முதல் எழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆரவாரம் காதில் விழ, என் இருபதாம் வயதில் பிள்ளைகளுக்கு நான் மிகுந்த பக்தியோடு கற்பித்த ஒரு பெரும்பிழையை எழுதத் தொடங்குகிறேன். எழுதுமுன்பே சிரிப்பு வருகிறது. பூசை செய்த வாயால் இப்படிச் சிரிக்கலாமா என்று மனம் கேட்கிறது. அன்று நடந்ததைக் கண்டு முதலில் சிரித்தவன் அப்பெருமானாகத்தான் இருப்பான் என்பதால், சிரிக்கலாம் என்றே துணிகிறேன்.

இரண்டாம் யுத்தத்துக்கு முந்தைய ஆண்டுகள் அவை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது ஆசிரியனாக நான் நியமனம் பெற்றேன். முதலாவது ஆசிரியர் தலைமையாசிரியர். மூன்றாவது ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. என் தந்தையார் கோயிலில் நாள்தோறும் பதிகம் பாடியவர். பால் குடிக்கும்போதே பண் குடித்து வளர்ந்த எனக்கு, இசையில்லாமல் எதையும் வாசிக்க வராது. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் 'குலுக்கிச் சாப்பிடவும்' என்று இருந்தால், அதையும் ஒரு பண்ணில் அமர்த்திய பிறகுதான் குலுக்குவேன்.

மூன்றாம் நான்காம் வகுப்புப் பாடத்திட்டத்தில் 'உறவினர் எழுதும் கடிதங்களை வாசித்துப் பொருள் உணர்தல்' என்று ஒரு பகுதி உண்டு. அவ்வூருக்கு அது மிகவும் வேண்டிய கல்வி. பெரியவர்களில் எழுத்தறிந்தவர் ஐந்தாறு பேர்தான். தபால்காரர் வாரம் இருமுறை வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து, கடிதங்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுவார். எந்த வீட்டுக் கடிதமானாலும் அதை வாசிப்பது மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போதான்.

பிள்ளைகள் முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தார்கள். 'மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும்' என்ற வாசலைக் கடப்பதற்குள் பாதிப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு ஒரு யோசனை பிறந்தது. இறைவன் மன்னனுக்கு எழுதிய ஓலையே பாட்டாகத்தானே இருந்தது? அப்படியானால் கடிதம் என்பதன் மூல வடிவமே பாட்டுத்தான். கடிதத்தைப் பண்ணில் அமர்த்தினேன். ஒரு பிள்ளை ஒரு வாக்கியத்தைப் பாட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் 'இவ்விடம் யாவரும் சுகம்' என்று திருப்பிப் பாட வேண்டும்.

ஆகா, என்ன பாடினார்கள்! 'செவலைக் காளை இடக்காலை நொண்டுகிறது' என்பதைக் கல்லும் கரையப் பாடினார்கள். உடனே 'இவ்விடம் யாவரும் சுகம்' என்று கூரை அதிர முடித்தார்கள். 'தாங்கள் அனுப்பிய ஊறுகாய்ச் சாடி வழியில் உடைந்துவிட்டது' என்ற வரியில் நான் அமைத்த இரக்கத்தைக் கேட்டு, வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்துச் சமவெளி மக்களுக்கு ஒரு வழக்கம். பதிகம் பாடும் இசை எங்கே கேட்டாலும் ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பார்கள். முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கோயிலில் பாடும் இசையை வீட்டில் கேட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்? கடிதம் வந்தால் வாசல் தெளித்தார்கள். விளக்கேற்றினார்கள். பிள்ளை பாடி முடித்ததும் கற்பூரம் காட்டி, கடிதத்தின் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் சேர்த்தார்கள். ஊரையே சிவலோகத்துக்கு ஒரு படி உயர்த்திவிட்டதாக எண்ணி எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைமையாசிரியர் ஒருவர்தான் உருகவில்லை. கணக்குப் பாடத்தில் பிறந்து கணக்குப் பாடத்தில் வளர்ந்தவர் அவர்.

“ஏனுங்க தம்பி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. காயிதத்துல என்ன சேதின்னு யாராச்சும் கேட்டாங்களா?” என்றார் ஒரு நாள்.

“பாடப் பாடப் பொருள் தன்னால வந்துருமுங்க ஐயா. ஆண்டவனே ஓலையப் பாட்டாத்தானுங்களே எழுதினாரு?”

“எழுதினாருங்க. வாங்கின ராசா என்ன பண்ணினாரு? கண்ண மூடிக் கும்புட்டுப் போட்டு, ஓலைய மாடத்துல வச்சுட்டாரா? வச்சிருந்தா, கொண்டுட்டுப் போன மனுசன் வெறுங்கையோடதான ஊட்டுக்குத் திரும்பியிருப்பாரு?”

விடை தெரியாதபோது ஆசிரியர்கள் செய்வதையே நானும் செய்தேன். மணி அடித்துவிட்டதாகச் சொல்லி வகுப்புக்குப் போனேன்.

ஊருக்கு மேற்கே கிணற்றுப் பாசனத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம். மேட்டுத்தோட்டத்தார் என்பார்கள். அவ்வீட்டின் இளைய மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்தாள். வகுப்பிலேயே இனிய குரல் அவளுடையதுதான். மூத்தவளுக்கு இருபது கடந்திருந்தது. அக்காலத்தில் அது தண்ணீர்த்துறையில் பேசப்படும் வயது. மூன்று இடத்தார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓர் இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை. இன்னோர் இடத்தில், பெண் அதிகமாகச் சிரிக்கிறாள் என்றார்கள். மூன்றாவது இடத்தார் காரணமே சொல்லவில்லை. அவள் சிரிப்பது உண்மைதான். தோட்டத்தில் சிரித்தால் பள்ளிக்கூடத்தில் கேட்கும்.

அவ்வாண்டு வைகாசியில் செங்கோட்டுத் தேருக்குப் போன இடத்தில், அப்பக்கத்து நல்ல குடும்பம் ஒன்று அவளைப் பார்த்தது. பையனும் பார்த்தான், அவளும் பார்த்தாள். “ஆவணி பொறந்ததும் காயிதம் போடறமுங்க” என்று பையனின் தகப்பனார் சொல்லிப் போனார். அன்றிலிருந்து அக்குடும்பத்தின் உயிர் வேப்பமரத்தடியில் இருந்தது. தபால்காரர் வரும் நாளிலெல்லாம் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்து வழியாகவே தண்ணீர் கொண்டு போக நேர்ந்தது, கிணறு அவள் தோட்டத்திலேயே இருந்தும்.

ஆவணி முதல் வாரத்தில் கடிதம் வந்தது. அன்று மாலை அவ்வீட்டில் என்னையும் அழைத்து மணைப்பலகையில் உட்கார வைத்தார்கள். விளக்கு எரிந்தது. சின்னவள் பாடினாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் 'இவ்விடம் யாவரும் சுகம்' என்று திருப்பிப் பாடினார்கள். நான் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். இறைவன் அறிய, ஒரு சொல்லும் என் அறிவில் ஏறவில்லை. இரண்டாம் வாக்கியத்தில் அவள் இழுத்த இழுப்பில் குழைவு போதவில்லை என்பது மட்டும் ஏறியது. அதைத் திருத்தி மறுபடி பாட வைத்தேன்.

கண்ணை மூடாமல் கேட்டவள் மூத்தவள் ஒருத்திதான்.

“ஏ கண்ணு, வாராங்களா இல்லியா? அத மட்டுஞ் சொல்லு.”

“சாமி பாட்டு நடக்கறப்ப என்ன அம்மிணி கேள்வி? கன்னத்துல போட்டுக்க” என்று தாயார் அதட்டினார்.

பாடி முடிந்ததும் தாயார் தாமே கேட்டார். சின்னவள் சற்று யோசித்து, “யாவரும் சுகமுன்னு எழுதியிருக்காங்கம்மா” என்றாள்.

“சொகமா இருக்காங்களாமா. அது போதும். நல்ல சேதி பொறவு வரும்” என்று தகப்பனார் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். கடிதம் மாடத்துக்குப் போனது. மூத்தவள் மட்டும் அம்மாடத்தை ஒரு தரம் முறைத்துப் பார்த்தாள். நான் சர்க்கரைப்பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

பதினொரு நாள் கழிந்தது. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றும், கடிதத்தின் பொருளைப் பிள்ளைகளிடம் கேட்பார் என்றும் தலைமையாசிரியர் என்னை ஒரு பிடி பிடித்தார். ஆளுக்கொரு கடிதம் வீட்டிலிருந்து கொண்டுவரும்படி வகுப்புக்குச் சொன்னேன். மறுநாள் புதன்கிழமை. காலையில் குங்குமமும் திருநீறும் மணக்க, மாடங்களிலிருந்து கடிதங்கள் எல்லாம் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தன.

முதற்பையன் பாடினான். “என்ன எழுதியிருக்காங்க?” என்று கேட்டேன்.

“யாவரும் சுகமுங்கய்யா.”

இரண்டாமவன் பாடினான். அவன் வீட்டிலும் யாவரும் சுகம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லா வீட்டிலும் யாவரும் சுகம். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் மேல்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

முதற்பையனின் கடிதத்தை வாங்கி, வாழ்நாளில் முதன்முறையாக இசையை அடக்கிக்கொண்டு வாசித்தேன். ஆடிப் பதினெட்டில் பேரனுக்குக் காது குத்து. குடும்பத்தோடு வரவும் என்று இருந்தது. ஆடி போய் எத்தனை நாள்! “காது குத்துக்குப் போனீங்களா?” என்றேன். “இல்லீங்கய்யா, கும்புட்டுக்கிட்டமுங்க” என்றான். அடுத்த கடிதத்தில், இரவல் வாங்கிய வடக்கயிற்றைத் திருப்பி அனுப்பாவிட்டால் எங்கள் ஏற்றம் நின்றுவிடும் என்று ஒரு மாமன் கதறியிருந்தார். அக்கயிறு இன்னும் இந்த ஊரில்தான் இருந்தது.

பிறகு மேட்டுத்தோட்டத்துச் சின்னவள் தன் கடிதத்தை நீட்டினாள். நான்கு மூலையிலும் குங்குமம், நடுவில் சந்தனம். வாசித்தேன்.

'ஆவணி இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நாங்கள் ஏழு பேர் பெண் பார்க்க வருகிறோம். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் தங்கள் வீட்டார் ஒருவர் சொம்புத் தண்ணீரோடு நின்றால் சம்மதம் என்று கொள்வோம். ஒருவரும் இல்லாவிட்டால் மனவருத்தம் இல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொள்வோம். பனமரத்துப்பட்டியிலும் ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள்.'

கரும்பலகையைப் பார்த்தேன். அன்று காலை என் கையாலேயே, அழகான எழுத்தில், 'ஆவணி, புதன்கிழமை' என்று எழுதியிருந்தேன். அது இரண்டாவது புதன். தலைமையாசிரியர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். பத்தாகக் கால் மணி.

“ஓடுங்க தம்பி!” என்றார் அவர். “பள்ளிக்கூடத்த நானு பாத்துக்கறேன்!” என்றவர், என்ன நினைத்தாரோ, நெருப்புப் பிடித்தாற்போல மணியை அடிக்கத் தொடங்கினார்.

பையன்களை எல்லைக்கு ஏவினேன். “வண்டி வந்தா நிறுத்துங்க! அக்கா வர்ற வரைக்கும் விடாதீங்க!”

“எப்படீங்கய்யா நிறுத்தறது? நம்ம பேச்ச யாருங்க கேப்பாங்க?”

“பாடுங்கடா!”

“எதப் பாடறதுங்க?”

“உங்களுக்குத் தெரிஞ்சத!”

அவர்கள் புழுதி பறக்கக் கிழக்கே போனார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் வரப்பு வழியாக மேற்கே ஓடினேன். எனக்கு முன்னால் சின்னவள்; பின்னால் மூன்றாம் வகுப்பின் மீதி முழுவதும்; அதற்கும் பின்னால், எதற்கென்று தெரியாமல் இரண்டு நாய்கள். பஞ்சாட்சரத்தை ஓடிக்கொண்டே சொல்லும்போது ஓர் அடிக்கு ஓர் எழுத்து அளவாகப் பொருந்துகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

தகப்பனார் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டிருந்தார். காளைகள் வடத்தை இழுத்துச் சரிவில் இறங்க, தோல் பறி நிறையத் தண்ணீர் கிணற்றின் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. தாயார் சேந்தமங்கலம் போயிருந்தார். மூத்தவள் முழங்கை வரை சாணத்தோடு களம் மெழுகிக்கொண்டிருந்தாள்.

அவள் முன்னே போய் நின்றேன். மூச்சு வரவில்லை. கடிதத்தை விரித்தேன். வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், கண் தானாக மூடிக்கொள்ள, “மகாராஜராஜஸ்ரீ...” என்று பண்ணே வந்தது.

“ஐயோ, பாடாதீங்கய்யா!” என்று அவள் அலறினாள். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பேசுங்க!”

பேசினேன். மூன்றே சொல்லில் முடிந்தது. “இன்னைக்கு. எல்லையில. வாராங்க.”

தகப்பனார் சரிவின் அடியிலிருந்து, “என்னுங்க வாத்தியாரே, அந்தக் காயிதத்தத்தான் கும்புட்டமே!” என்றார். சொம்போடு வீட்டார் ஒருவர் எல்லையில் நிற்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்ததையும் நான் சொல்ல, செய்தி விளங்கியதும் வடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “என்ற மொழங்காலு ஓடாதே சாமி! காளையையும் நடுவுல உடமுடியாதே!”

“நீங்க காளையப் புடியுங்கப்பா. சொம்பத் தூக்கிட்டு நாம்போறேன்.”

“பொண்ணு எல்லைக்குப் போறதா? மொறையில்லியே அம்மிணி!”

“பொண்ணுன்னு போட்டிருக்குதுங்களா? ஊட்டாருல ஒருத்தருன்னுதான போட்டிருக்குது? நானும் இந்த ஊட்டாருதான?” என்று கேட்டவள், வாய்க்காலில் கையை ஒரு முக்கு முக்கி, சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு பறந்தாள். ஒரு கடிதத்தை அவ்வளவு திருத்தமாக வாசித்துணர்ந்தவர் அவ்வூரில் அதுவரை இல்லை. எழுத்தே அறியாதவள் அவள்.

சொம்பு தளும்பியதில் அவள் சற்றுப் பின்தங்க, நான் எல்லைக்கு வந்து சேர்ந்தபோது கண்ட காட்சியை எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. புளியமரத்தடியில் இரண்டு வில்வண்டிகள் நின்றன. பையன்கள் ஒன்பது பேர் வழியை மறித்து வரிசையாக நின்று, தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது சின்னவள் வீட்டில் திருப்பித் திருப்பிப் பாடிய அதே கடிதம்தான். வண்டியில் வந்த ஏழு பேரும் இறங்கி, செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள். அவர்களும் அதே சமவெளிக்காரர்கள் அல்லவா! வண்டிக்காரர்கள்கூட மூக்கணாங்கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்கள்.

'நாங்கள் ஏழு பேர் பெண் பார்க்க வருகிறோம்' என்று ஒருவன் உருகினான்.

'இவ்விடம் யாவரும் சுகம்' என்று எண்மர் முழங்கினார்கள்.

பையனின் தகப்பனார் ஒரு கண்ணைத் திறந்தார். “இதென்றா அதிசயமா இருக்குது! நானு எழுதின காயிதமாட்ட இருக்குது?” என்றார். அப்போதும் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. அவர் பின்னால் நின்ற மாப்பிள்ளைப் பையன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பில் மடங்கிப் பாதி தரையில் இருந்தான்.

அந்நேரம் மூத்தவள் வந்து சேர்ந்தாள். தலையில் எண்ணெயில்லை, நெற்றியில் ஒரு பொட்டுச் சாணம், சொம்பில் பாதிதான் தண்ணீர். மாப்பிள்ளையின் அத்தைக்காரி முகவாயில் கை வைத்தார்.

“நாம பொண்ணு பாக்க வந்தமா, பொண்ணு நம்மளப் பாக்க வந்துச்சா?”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். “வாங்க அத்தை. காயிதம் வந்து பன்னெண்டு நாளாச்சுங்க. சேதி இப்பத்தானுங்க வந்து சேந்துச்சு.”

சொல்லிவிட்டு அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் முன்பு ஓர் இடத்தைக் கலைத்த சிரிப்பு. பெரியவர் சொம்பை வாங்கவில்லை, மகனைப் பார்த்தார். மகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “தண்ணிய வாங்கிக் குடிங்கப்பா. தேருல நானு கேட்ட சிரிப்பு இதுதானுங்க” என்றான்.

பெரியவர் வாங்கிக் குடித்தார். மீதியை அத்தைக்காரி குடித்தார். பையன்கள், யாரும் நிறுத்தச் சொல்லாததால், கடிதத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கார்த்திகையில் கல்யாணம் நடந்தது.

என் பாடத்தை நான் மாற்றிக்கொண்டேன். பாட்டுக்குக் காலை வணக்கம் என்ற இடத்தைக் கொடுத்தேன். அங்கே பிள்ளைகள் பதிகத்தைப் பாடட்டும். கடிதம் வந்தால் எழுதியவர் எதிரில் நின்று பேசுவதுபோல வாசிக்க வேண்டும். மாமன் கோபித்தால் கோபிக்க வேண்டும்; அத்தை குறைப்பட்டுக்கொண்டால் மூக்கைச் சிந்த வேண்டும். வாசித்து முடித்ததும், யார் பேசுகிறார், என்ன கேட்கிறார், என்றைக்குள் நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பேன். 'யாவரும் சுகம்' என்று விடை சொன்னவன் தோப்புக்கரணம் போட வேண்டும். அந்த வடக்கயிற்றை மூன்றாம் வகுப்பே சுமந்து போய் உரியவரிடம் சேர்த்தது. இன்ஸ்பெக்டர் வந்த அன்று சின்னவள் ஒரு கடிதத்தை வாசித்தாள். அதை எழுதியவர் இருமும் இடத்தில் இருமியும், பொடி போடும் இடத்தில் தும்மியும் வாசித்ததைக் கேட்டு, இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து பொருளைத் தாமே சொன்னார்.

இறைவன் எழுதிய ஓலையைப் பற்றியும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். பாட்டாக எழுதியவன், கடைசி வரியில், இவனுக்கு இன்னது கொடுத்து அனுப்பு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லித்தான் முடித்திருந்தான். மன்னன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்; பிறகு கருவூலத்தைத் திறந்தான். தலைமையாசிரியரிடம் போய் இதை ஒப்புக்கொண்டேன். “கணக்கு சரியா வந்துருச்சுங்க தம்பி” என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் எங்களை நம்பவேயில்லை. அதன்பின் அவர் மேட்டுத்தோட்டத்துக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும், பிள்ளையார் சுழிக்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில், 'பாடாமல் படிக்கவும்' என்று இருக்கும். பேத்தி பிறந்த செய்தி வந்த கடிதத்தில் மாத்திரம் அந்த வரியை எழுதி, பிறகு அவரே குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அன்று மாலை விளக்கேற்றி, நான் தாளம் போட, சின்னவள் அதைப் பாடினாள்.

இதனை வாசித்தவர் எவராயினும், உங்கள் வாசலுக்கு வரும் கடிதங்கள் மங்கலமே சுமந்து வரட்டும். வந்த செய்தி வந்த நாளிலேயே உங்கள் நெஞ்சில் சேரட்டும். நீங்கள் போகும் ஊர் எல்லையிலெல்லாம் சொம்புத் தண்ணீரோடு சிரித்த முகம் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கட்டும். ஓலை எழுதிய கை உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.